ஜீலம் கரையில் இடிந்து கிடக்கும் கோயில்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காஷ்மீருக்கு இரண்டு தடவை போய்வந்தேன். இரண்டு தடவையும் தால் ஏரிப் படகில் உட்கார்ந்த நேரத்தைவிடப் பழைய கோயில் முற்றங்களில் உட்கார்ந்த நேரம்தான் அதிகம். அன்றிலிருந்து வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

காஷ்மீரில் அவ்வளவு பழைய கோயில்கள் இருக்கின்றனவா? எந்தப் பக்கம்?

இருக்கின்றன. பெரும்பாலும் ஜீலம் நதியை ஒட்டியோ, அதில் வந்து சேரும் ஓடைகளை ஒட்டியோ இருக்கின்றன. ஜீலத்தின் சமஸ்கிருதப் பெயர் விதஸ்தா. காஷ்மீரிகள் இன்றும் அதைச் சுருக்கி ‘வெத்’ என்றுதான் சொல்கிறார்கள். தெற்கே வேரிநாக் ஊற்றில் பிறக்கும் நதி அனந்தநாக், அவந்திபுரம், ஸ்ரீநகர் வழியாக வூலர் ஏரிக்குப் போய், அங்கிருந்து பாராமுல்லா மலையிடுக்கில் புகுந்து இறங்குகிறது. இந்த வழியைக் கையில் வரைந்துகொண்டால் முக்கியமான கோயில்கள் எல்லாம் அதன் இருபுறமும் வந்துவிடும். அனந்தநாக் அருகே மார்த்தாண்டம், நடுவழியில் அவந்திபுரம், ஸ்ரீநகர் ஓரத்தில் பாந்த்ரேதன், வடமேற்கே பரிஹாசபுரம், பட்டன், ஊரி போகும் வழியில் புனியார்.

யார் கட்டியவை? எந்தக் காலம்?

மிகுதியானவை 8ஆம் நூற்றாண்டிலிருந்து 10ஆம் நூற்றாண்டு வரை. கார்க்கோட வம்சத்து லலிதாதித்ய முக்தாபீடர் (ஏறத்தாழ 724–760), அவருக்குப் பின் நூறாண்டு கழித்து உத்பல வம்சத்தைத் தொடங்கிவைத்த அவந்திவர்மர் (855–883), அவர் மகன் சங்கரவர்மர் (883–902) என்று மூன்று பெயர்களை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இது இவ்வளவு தெளிவாகத் தெரிவதற்குக் காரணம் கல்ஹணர். அவர் 1148இல் தொடங்கி எழுதிய ‘ராஜதரங்கிணி’ எந்த அரசன் எந்தக் கோயிலைக் கட்டினான், எதற்குக் கட்டினான், பிறகு அதை யார் கெடுத்தார்கள் என்பது வரை சொல்கிறது. அவர் பெயர் சொல்லும் ஊருக்கு நேரே போய் நின்றால் கல் அங்கே கிடக்கிறது. அந்த நூலைப் படிக்காமல் போனால் எல்லாம் கற்குவியலாகத்தான் தெரியும்.

மார்த்தாண்டம்தான் பெரியது என்கிறார்களே?

ஆம். லலிதாதித்யர் எடுத்த சூரியன் கோயில். சுற்றுச்சுவருக்குள் முற்றம் மட்டும் 220 அடிக்கு 142 அடி. அதைச் சுற்றிச் சிறு சன்னதிகள் வரிசை, அவற்றின் முன்னே நெடுக்குவரி செதுக்கிய 84 தூண்கள். 1847இல் காஷ்மீர் வந்து அளந்து எழுதிய அலெக்சாண்டர் கன்னிங்ஹாம், கிழமை ஏழையும் ராசி பன்னிரண்டையும் பெருக்கி வந்த எண்ணாக இருக்கலாம் என்று நினைத்தார். சூரியனுக்குப் பொருத்தமான கணக்குத்தான்.

கோயில் நிற்கும் இடத்தைக் கவனியுங்கள். காஷ்மீரில் ‘கரேவா’ என்று சொல்வார்கள்: எப்போதோ ஏரியடியாக இருந்த வண்டல், இப்போது மேசைபோல உயர்ந்த சமவெளி. அதன் விளிம்புக்கு அருகே கோயில். கீழே பள்ளத்தாக்கு முழுவதும் விரிந்து கிடக்கிறது, எதிரே பனிமலை. வெள்ளம் எட்டாத உயரம். கல்ஹணர் இந்தக் கோயிலின் பெருஞ்சுவர்களைப் புகழ்ந்த கையோடு, திராட்சை கொழித்த ஊர் என்றும் ஒரு வார்த்தை சேர்க்கிறார். தண்ணீர் இல்லாத மேட்டில் திராட்சைத் தோட்டம் வருமா? லித்தர் என்ற ஓடை அருகிலேயே இறங்குகிறது. மேட்டுக்கு அந்த நீரை ஏற்றிய கால்வாயையும் கோயிலோடு சேர்த்து நினைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

சுற்றுவட்டாரத்தில் இதைப் ‘பாண்டவ லரி’ என்றும் சொல்வதுண்டு. லரி என்றால் வீடு. பெரிய கல்லைப் பார்த்தால் பாண்டவர்கள் கட்டியது என்று சொல்லும் வழக்கம் நம் ஊரிலும் உண்டுதானே.

மார்த்தாண்டத்தைவிட உங்களுக்கு அவந்திபுரம் பிடிக்கும் என்கிறீர்கள். ஏன்?

ஸ்ரீநகரிலிருந்து ஜம்மு போகும் நெடுஞ்சாலையில் சுமார் 30 கிலோமீட்டரில், சாலையோரமே இருக்கிறது. பேருந்திலிருந்து பார்த்தால் ஒரு பள்ளத்தில் சாம்பல் நிறக் கற்கள் நிற்பதுபோல்தான் தெரியும். அந்தப் பள்ளம்தான் விஷயமே. 1,100 ஆண்டுகளுக்கு முன் கோயில் முற்றம் இருந்த தரைமட்டம் அது. ஜீலம் கொண்டுவந்து கொட்டிய வண்டல் சுற்றிலும் நிலத்தை அவ்வளவு உயர்த்தியிருக்கிறது. கன்னிங்ஹாம் வந்தபோது வாயில் மட்டும்தான் மண்ணுக்கு மேலே தெரிந்தது. 1910களில் தயாராம் சாஹ்னி தோண்டியபோது, மண்ணுக்குள் சுற்று மண்டபத்தின் 69 சிறு சன்னதிகளும் அவற்றின் முன்தூண்களும் வெளியே வந்தன. மேட்டிலிருந்த மார்த்தாண்டத்தில் ஆயிரம் ஆண்டு மழையும் பனியும் வழித்துவிட்ட நுணுக்கம், இங்கே சேற்றுக்குள் பத்திரமாக இருந்திருக்கிறது. தூணடியில் உட்கார்ந்து பார்த்தேன். முத்துச்சரம்போல ஒரு கோடு, அதன் கீழே இலைக்கொடி, அதன் கீழே சிறு கட்டத்துக்குள் ஒரு பறவை. கட்டைவிரல் நகம் அளவுதான் அதன் அலகு. உடையாமல் இருக்கிறது.

இது அவந்திசுவாமி கோயில், விஷ்ணுவுக்கு உரியது. நடுவில் பெரிய சன்னதி, நான்கு மூலைகளிலும் நான்கு சிறு சன்னதிகள், மேற்கு நோக்கிய வாயில். நடுச் சன்னதியின் மேல்கட்டு எதுவும் மிஞ்சவில்லை, அடிப்பீடமும் படிக்கட்டும்தான். ஆனால் படிக்கட்டின் இரு பக்கச் சுவர்களிலும் புடைப்புச் சிற்பங்கள் இருக்கின்றன. அவற்றைப் பார்க்காமல் படியேறி மேலே நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறவர்கள் அதிகம். தயவுசெய்து குனிந்து பாருங்கள்.

அரைமைல் தள்ளி ஜவ்பராரில் அவந்தீசுவரர் கோயில். இது சிவனுக்கு. அளவில் பெரியது, ஆனால் மிகவும் சிதைந்துவிட்டது.

ஒரே அரசன் விஷ்ணுவுக்கும் சிவனுக்கும் ஏன் தனித்தனியாகக் கட்டினான்?

அவந்திவர்மர் சிறுவயது முதலே மனத்தளவில் வைணவர். அவரை அரியணையில் ஏற்றியவர் அமைச்சர் சூரர், அவர் சிவபக்தர். அமைச்சர் மனம் நோகக்கூடாது என்று அரசர் ஆட்சிக்காலம் முழுவதும் சைவராகவே நடந்துகொண்டார். விஷ்ணு கோயிலை அரசராகும் முன்பு கட்டியதாகவும், சிவன் கோயிலை அரசரான பின்பு கட்டியதாகவும் கல்ஹணர் சொல்கிறார். 883இல் உயிர் பிரியும் தறுவாயில்தான் கைகூப்பி, தான் வைணவன் என்பதைச் சூரரிடம் சொன்னாராம். கடைசிவரை பகவத் கீதையைப் படிக்கக் கேட்டுக்கொண்டே கண்ணை மூடினார் என்கிறது ராஜதரங்கிணி. ஓர் அரசன் தன் அமைச்சரிடம் 28 ஆண்டு மறைத்துவைத்த மரியாதை இது. அந்த இரண்டு கோயில்களுக்கும் நடுவே நடக்கும்போது எனக்கு இந்தக் கதைதான் மனத்தில் ஓடியது.

‘தொனி’ என்று நாம் கவிதை பற்றிப் பேசும்போது சொல்கிறோமே, அந்தக் கொள்கையை நிலைநாட்டிய ஆனந்தவர்த்தனர் இவர் அவையில் இருந்தவர்தான்.

இத்தனை கோயிலுக்குப் பணம் எங்கிருந்து வந்தது?

லலிதாதித்யருக்குப் போர்வெற்றியிலிருந்து. அவந்திவர்மருக்கு நதியிலிருந்து. இந்தக் கேள்வியை யாரும் கேட்காவிட்டால் நானே எடுத்துச் சொல்லிவிடுவேன்.

அந்தக் காலத்தில் பாராமுல்லாவுக்கு அருகே மலைச்சரிவிலிருந்து உருண்ட பாறைகள் ஜீலத்தை அடைத்துக்கொள்ளும். நீர் பின்வாங்கிப் பள்ளத்தாக்கு முழுவதும் தேங்கும், பயிர் அழுகும், பஞ்சம் வரும். சூய்யர் என்று ஒருவர். குப்பைமேட்டில் மூடிய மண்பானைக்குள் கிடந்த குழந்தை. கண்டெடுத்து வளர்த்தவள் சூய்யா என்ற சண்டாளப் பெண், அவள் பெயரே இவருக்கும் ஆயிற்று. வெள்ளத்தை நிறுத்த வழி தெரியும், பணம்தான் இல்லை என்று சொல்லித் திரிந்தவரை ஊர் பைத்தியம் என்றது. அரசர் கூப்பிட்டுக் கேட்டார், கருவூலத்தைத் திறந்துவிட்டார். சூய்யர் பானை பானையாகக் காசை எடுத்துப்போய், நதி அடைபட்டிருந்த இடத்தில் தண்ணீருக்குள் கைநிறைய வீசினார். பட்டினியில் இருந்த ஜனங்கள் காசைத் தேடி இறங்கிப் பாறைகளை எல்லாம் புரட்டி வெளியே போட்டார்கள். அடைப்பு விட்டது. பிறகு நதிக்குக் குறுக்கே தற்காலிக அணை போட்டு அடிமண்ணைத் தூர்வாரி, கரைகள் கட்டி, சிந்து ஓடை (பெரிய சிந்து நதி அல்ல) விதஸ்தாவில் சேரும் இடத்தையே மாற்றினார். ஒரு காரி (அந்நாள் தானிய அளவு) நெல் 200 தினாரிலிருந்து 36 தினாருக்கு இறங்கியது என்று கல்ஹணர் விலையோடு எழுதியிருக்கிறார். ஆப்பிளுக்குப் பேர்போன சோபோர் ஊர் இருக்கிறதே, அது சூய்யபுரம்தான்.

இந்த விளைச்சல்தான் அவந்திபுரத்தின் கல்லாக நிற்கிறது. அதே நதிதான் பிற்காலத்தில் அதைப் புதைத்தது, புதைத்தே காப்பாற்றியும் வைத்தது.

நம் கோயில்கள் போலவும் இல்லை, வட இந்தியக் கோயில்கள் போலவும் இல்லையே. என்ன பாணி இது?

காஷ்மீருக்கே உரிய பாணி. தனியாக அடையாளம் காட்டுபவை மூன்று. ஒன்று கூரை: பனி தங்காமல் வழுக்கி விழ இரண்டு அடுக்காகச் சரியும் கூம்புக்கூரை. மரவீட்டுக் கூரையைக் கல்லில் செய்தது. இரண்டு, வாயிலுக்கு மேல் மூன்று இதழ் விரித்ததுபோன்ற வளைவும் அதன்மேல் முக்கோண முகப்பும். மூன்றாவது தூண்கள்: மேலிருந்து கீழ்வரை நெடுக்கே வரிப்பள்ளம் ஓடும். கிரேக்கத் தூண்களின் சாயல் இது, பக்கத்துக் காந்தாரத்தின் வழியாக வந்து சேர்ந்தது. கற்களைத் துல்லியமாகச் செதுக்கிச் சுண்ணாம்புச் சாந்தும் இரும்பு முளைகளும் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள்.

நம் கோயிலில் திருச்சுற்று மாளிகை எப்படியோ அப்படித்தான் இங்கே முற்றத்தைச் சுற்றிய சன்னதி வரிசை. அது முழுமையாக எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டுமானால் புனியார் போக வேண்டும். 53 சன்னதிகள் அநேகமாக அப்படியே இருக்கின்றன. கூரை எப்படி இருந்தது என்று பார்க்கப் பாந்த்ரேதன். ஊற்றுநீர்க் குளத்துக்கு நடுவே நிற்கும் சிறு கோயில். அதன் உள்விதானம் சதுரத்துக்குள் சதுரமாகத் திருப்பி வைத்த கற்களால் ஆனது, மூலைகளில் பறக்கும் உருவங்கள். இராணுவக் குடியிருப்புப் பகுதிக்குள் இருப்பதால் அனுமதி கேட்டுத்தான் போக முடியும்.

சிற்பங்கள் எங்கே? இடிபாடுகளில் அதிகம் காணோமே?

ஸ்ரீநகரில் 1898இல் தொடங்கிய ஸ்ரீ பிரதாப் சிங் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். அவந்திபுரத்திலும் பாந்த்ரேதனிலும் கிடைத்தவை அங்கே இருக்கின்றன. பலர் பயணத் திட்டத்தில் இதைச் சேர்ப்பதே இல்லை, பெரிய நஷ்டம்.

அங்கே ஒரு விஷ்ணுவின் முன்னால் நின்றுகொண்டே இருந்தேன். வைகுண்ட மூர்த்தி. நடுமுகம் சாந்தமாக இருக்கிறது. அவரது வலப்பக்கம் சிங்கமுகம், இடப்பக்கம் வராகமுகம். மூன்று முகம் என்று எண்ணிவிட்டுத் திரும்பக் கூடாது. பின்னால் கோரைப்பல் தெரியும் நான்காவது முகம் ஒன்று உண்டு, அதற்காகத்தான் இவரைச் சுற்றி வர வேண்டும். பல சிற்பங்களில் இடுப்பில் சிறு குத்துவாள் செருகியிருக்கும். நம் பெருமாளிடம் பார்க்காத ஒன்று. கீழ்க்கைகளில் கதாயுதமும் சக்கரமும் இல்லை. அவை ஆட்களாகவே பக்கத்தில் நிற்கின்றன. வலப்பக்கம் கதாதேவி, பெண், இடப்பக்கம் சக்கரபுருஷன். பெரியவர் பிள்ளைகளின் தலையில் கைவைப்பதுபோலத் தன் ஆயுதங்களின் தலையில் கைவைத்திருக்கிறார். இரு பாதங்களுக்கு நடுவே பூமிதேவி பாதி உடல் வெளியே தெரிய எழுகிறாள். முழங்கால்வரை வனமாலை. வயிற்றுச் சதையைச் செதுக்கியதில் காந்தாரச் சிற்பியின் கை தெரிகிறது.

தேவ்சரில் கிடைத்த பித்தளைத் திருவாசியையும் தவறவிடாதீர்கள். ஆளுயரம் இருக்கும். உள்ளே நின்ற மூர்த்தி இல்லை, சுற்றிலும் அவதாரங்கள் மட்டும் இருக்கின்றன.

இடித்தது யார்?

இதற்கு ஒரே பெயரைச் சொல்லி முடித்துவிட முடியாது, ஆனால் சொல்ல வேண்டிய பெயரை மறைக்கவும் கூடாது. சுல்தான் சிக்கந்தர் (1389–1413) காலத்தில், அமைச்சர் சூஹபட்டரின் தூண்டுதலில் மார்த்தாண்டம் உள்ளிட்ட பெருங்கோயில்கள் உடைக்கப்பட்டன என்று 15ஆம் நூற்றாண்டில் எழுதிய ஜோனராஜர் பதிவு செய்திருக்கிறார். அந்த ஜோனராஜரை எழுதச்சொல்லி ஆதரித்தவர் சிக்கந்தரின் மகன் ஜைனுலாபிதீன் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அதற்கு 300 ஆண்டுகள் முன்பே, இந்து அரசரான ஹர்ஷர் (1089–1101) கோயில் விக்கிரகங்களைப் பிடுங்கி உருக்குவதற்கென்றே ஓர் அதிகாரியை வைத்திருந்தார். அவந்திவர்மரின் மகன் சங்கரவர்மரோ லலிதாதித்யரின் பரிஹாசபுரத்திலிருந்து பொருள்களைக் கவர்ந்துபோய்ப் பட்டனில் தன் நகரத்தை எழுப்பினார். அந்த ஊருக்கு வந்த பெயரெல்லாம் கம்பளித் துணி நெசவாலும் மாட்டு வியாபாரத்தாலும்தான் என்று கல்ஹணர் கசப்போடு எழுதுகிறார். பரிஹாசபுரத்தில் இன்று நிற்பவை பெரும்பாலும் பீடங்களே. அங்கே பெரிய பௌத்த ஸ்தூபியின் அடிப்பகுதியும் உண்டு, லலிதாதித்யரின் அமைச்சர் சங்குணர் எடுத்தது.

இவற்றுக்கு மேல் நிலநடுக்கம். 1885இல் வந்தது பெரியது. ஜான் பர்க் 1868இல் எடுத்த புகைப்படங்களை இன்றைய நிலையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் கல் எப்படித் தளர்ந்து விழுகிறது என்று புரியும்.

பள்ளத்தாக்கின் ஓரத்தில் சிறிய கோயில் எதையாவது சொல்லுங்கள்.

நாராநாக். ஹர்முக் மலையடிவாரத்தில், வாங்கத் ஓடைக்கரையில், பைன் மரங்களுக்கு நடுவே இரண்டு கோயில் தொகுதிகள். பழைய பூதேசர் தலம். அவந்திவர்மர் இங்கே கும்பிட வந்தபோது, சுவாமிக்கு நைவேத்தியமாகக் கசப்புக் கீரை மட்டும் வைத்திருந்தார்களாம். ஏன் என்று கேட்டதற்கு, கோயில் கிராமங்களைத் தன்வன் என்ற நிலக்கிழான் பிடுங்கிக்கொண்டான், எங்களுக்கு வேறு கதியில்லை என்றார்கள் பூசாரிகள். அரசர் உடம்பு சரியில்லை என்று சொல்லிப் பூஜையை விட்டு எழுந்து போனார். சூரருக்கு விஷயம் புரிந்துவிட்டது. தன்வனை அழைத்துவரச் செய்து அங்கேயே தலையை வாங்கினார். பிறகு அரசரிடம் போய், இப்போது உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தாராம்.

தமிழ்நாட்டோடு ஏதாவது தொடர்பு உண்டா?

கதையில் ஒன்று, நிஜத்தில் ஒன்று. கதை: ரணாதித்யன் என்ற காஷ்மீர் அரசனின் மனைவி ரணாரம்பா, சோழ அரசன் ரதிசேனன் கடலைப் பூஜிக்கப் போனபோது அலைகளிடையே கண்டெடுத்து வளர்த்த பெண் என்கிறது ராஜதரங்கிணி. அதே ரணாதித்யன் 300 ஆண்டுகள் ஆண்டான் என்றும் சொல்வதால் இதை வரலாறாக எடுத்துக்கொள்ள முடியாது. சோழ நாட்டின் பெயர் அங்கே தெரிந்திருந்தது என்பது வரை சரி.

நிஜமானது ஆகமம். காஷ்மீரத்துப் பட்ட நாராயணகண்டர் மிருகேந்திர ஆகமத்துக்கு எழுதிய உரைக்கு, 12ஆம் நூற்றாண்டில் சிதம்பரத்தில் வாழ்ந்த அகோரசிவாசாரியார் ‘தீபிகை’ என்ற விளக்கவுரை எழுதினார். பூஜை முறையைச் சொல்லும் அவருடைய பத்ததியைக் கையில் வைத்துக்கொண்டுதான் நம் சிவாலயங்கள் பலவற்றில் பூஜை நடக்கிறது. அந்தச் சரட்டின் ஒரு முனை இந்தப் பள்ளத்தாக்கில் இருக்கிறது.

அங்கே பூஜை நடக்கிறதா?

மார்த்தாண்டமும் அவந்திபுரமும் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. பாதுகாப்புக்குள் வந்த காலத்தில் வழிபாடு இல்லாத இடத்தில் புதிதாக வழிபாடு தொடங்க விதி இடம் தராது. 2022 மே மாதம் மார்த்தாண்டத்தில் நடந்த ஒரு பூஜை அதனால்தான் சர்ச்சையானது.

ஒரே நாள்தான் இருக்கிறது. எப்படிப் போவது?

காலையில் ஸ்ரீநகரிலிருந்து கிளம்பி, பாம்பூர் வழியாக அவந்திபுரம். அக்டோபர் கடைசி, நவம்பர் தொடக்கம் என்றால் பாம்பூரில் குங்குமப்பூ வயல்கள் ஊதா நிறத்தில் பூத்திருக்கும். பிறகு அனந்தநாக் போய் மார்த்தாண்டம். அவந்திபுரம், அனந்தநாக், பட்டன் மூன்றிலும் ரயில் நிலையம் உண்டு. ஏப்ரல் முதல் நவம்பர் வரை போகலாம், ஆனால் பாதுகாப்பு நிலைமையை அன்றன்று விசாரித்துக்கொண்டுதான் கிளம்ப வேண்டும்.

மார்த்தாண்டம் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடாதீர்கள். மேட்டிலிருந்து இறங்கினால் மட்டன். மார்த்தாண்டம் என்ற பெயர்தான் தேய்ந்து மட்டன் ஆயிற்று. அங்கே ஊற்றுக்குளம் இருக்கிறது, கோயிலும் வழிபாட்டில் இருக்கிறது. வந்துபோன குடும்பங்களின் பெயர்களைத் தலைமுறை தலைமுறையாக ஏட்டில் எழுதிவைக்கும் பண்டிதர்கள் உண்டு. குளத்து மீன்களை யாரும் பிடிப்பதில்லை. பொரி வாங்கிப் போட்டேன். தண்ணீர் தெரியாத அளவுக்குக் கறுப்பாகத் திரண்டு வந்தன.